பலாக்கட்டையும் பவர்பாயின்ட்டும்

"ஒன்பதரைக்கு இனாகுரேஷன். பத்து மணிக்கு மரத்தின் தன்மைகள், ஓர் அறிமுகம். பதினொன்றரைக்கு டீ பிரேக். அதுக்கப்புறம்..."

அதுக்கு மேல் நான் வாசிக்கவில்லை. எதிரே மரச்சீவலுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 42 வருஷமாக வீணை செய்கிறவர்.

"தம்பி, மரத்தோட தன்மைன்னா... பலா மரத்தைப் பத்தியா?"

"ஆமாங்க ஐயா."

"யாருக்குச் சொல்லப் போறீங்க?"

"உங்களுக்குத்தான்..."

சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்த என் பெஞ்ச்மேட் நைசாக நிமிர்ந்து கூரையில் ஓடு எண்ண ஆரம்பித்தான். கூட வந்த சிவில்காரனுக்கு அப்போது பார்த்து போனில் ஏதோ முக்கியமான வேலை வந்துவிட்டது. ராத்திரி முழுக்க உழவன் எக்ஸ்பிரஸில் தூங்காமல் வந்து, விடிந்ததும் விடியாததுமாக இவ்வளவு பெரிய பல்பு வாங்கிய கோஷ்டி தஞ்சாவூர் வரலாற்றிலேயே நாங்களாகத்தான் இருப்போம்!

இருங்க, முதல்லேர்ந்து சொல்றேன்.

எனக்கு அம்பத்தூர். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம், காலேஜ் பூந்தமல்லி தாண்டி. எங்க ஏரியா பசங்களுக்கு இன்-பிளான்ட் ட்ரெய்னிங்குக்காக அலைகிற கவலையே கிடையாது. எஸ்டேட்டுக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு ஷெட், ஷெட்டுக்குள் ஒரு லேத். அப்படித்தான் போன மே மாசம் ஒரு சின்ன டூல் ரூமில் பதினைந்து நாள் சேர்ந்தேன். டீ வாங்கி வருவது, பில்லட்டைத் துடைப்பது, மெஷினுக்குப் பக்கத்தில் நின்று புரிந்த மாதிரி தலையாட்டுவது. இதுதான் ட்ரெய்னிங்.

அங்கே சி.என்.சி. மெஷின் ஓட்டும் ஒரு அண்ணன். முப்பத்து நாலு வயசு இருக்கும். அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒரு விஷயம் என்னை அசர வைத்தது. மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருப்பார். திடீரென்று, "டூல் மழுங்கிடுச்சு, நிறுத்து" என்பார். நிறுத்திப் பார்த்தால் நிஜமாகவே முனை போயிருக்கும். ஒருநாள் என் கை தவறி ஒரு பித்தளை ராடு சிமென்ட் தரையில் 'டிங்' என்று விழுந்தது. திட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடினால், அவர் கூலாக "அஞ்சு கட்டை" என்றார்.

என்னடா இது என்று போனில் ட்யூனர் ஆப்பைப் போட்டுவிட்டு ராடை மறுபடி தட்டினேன். 'ஜி' என்று காட்டியது. கர்நாடக சங்கீதக் கணக்கில் அதுதான் 5 கட்டை.

"அண்ணே, பாட்டு கத்துக்கிட்டீங்களா?"

"இல்லப்பா. எங்க அப்பா தஞ்சாவூர்ல வீணை செய்யறவர்."

12 வயசில் உளியைப் பிடித்தவர், 20 வயசில் விட்டுவிட்டு ரயில் ஏறி வந்துவிட்டாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "மாசமானா சம்பளம் வரணும்ல?" அவ்வளவுதான். 20 என்றால் என் வயசு. நான் இன்னும் அப்பாவிடம் பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு வீணைதான் ஞாபகம் வந்தது. அத்தையோடது. ஒரு காலத்தில் எங்கள் தெருக் குழந்தைகள் பாதிப் பேர் அத்தையிடம்தான் ஸரளி வரிசை கற்றார்கள். இப்போது வீணை உறை போட்டு பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மேளம் கட்டிவிட்டுப் போகும் தாத்தா ஒருவர் இருந்தார். அவர் காலமானதும் அத்தை அங்கே இங்கே கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மேளம் கட்டுவது தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: கிடாரில் மெட்டுகளை மரத்திலேயே பள்ளம் போட்டு அடித்துவிடுவார்கள். அது அசையாது. வீணையில் 24 பித்தளை மெட்டுகளும் கறுப்பு மெழுகால் ஆன இரண்டு கரைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். வெயில், வயசு, விரலின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து மெழுகு கொஞ்சம் அமுங்கினால் மெட்டு இறங்கும், சுருதி போகும். அப்போது மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு மறுபடி உட்கார வைக்க வேண்டும். அதுதான் மேளம் கட்டுவது.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். உறையைக் கழற்றியதும் முதலில் குடத்தைத்தான் தடவிப் பார்த்தார். தட்டினார். காதை வைத்தார். மெட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "மெழுகை முழுசா எடுத்துட்டு வேற போடணும். அது என் கை இல்லக்கா. அப்பா கைதான் வேணும்." அத்தை போட்ட காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் டிபார்ட்மென்ட்டில், சிம்போசியம் காசு மிச்சம் இருக்கிறது, வழக்கமான பேப்பர் பிரசன்டேஷன், ரோபோ ரேஸ் இல்லாமல் வேறு மாதிரி ஏதாவது செய்யலாமா என்று பேச்சு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "சார், வீணை செய்யறவங்களுக்கு அட்வான்ஸ்டு வொர்க்‌ஷாப்" என்றேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க எங்கேயாவது ஏதாவது இருக்கும். 30 வருஷம் கை தேய்ந்தவர்களை யார் கூப்பிட்டு உட்கார வைத்து, 'உங்களுக்கு என்ன வேணும்' என்று கேட்டார்கள்? இந்த டயலாக் ஹெச்.ஓ.டி.க்குப் பிடித்துவிட்டது. (கடைசியில் கேட்காமல் போனது நாங்கள்தான் என்பது வேறு விஷயம்.) லேபில் 12 பெஞ்ச். அதனால் 12 பேர். 'குறைந்தது 10 வருட அனுபவம்' என்று ஒரு விதியும் போட்டோம். போட்டதும் அதுவே ஒரு கெத்தாக இருந்தது.

பிறகு மூன்று பேர் கேன்டீனில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் மூன்று நாள் நிகழ்ச்சி நிரலைத் தயார் செய்தோம். மரத்தின் தன்மைகள், கேட் டிராயிங், சி.என்.சி. டெமோ, மார்க்கெட்டிங், சர்டிபிகேட், குரூப் போட்டோ. 46 ஸ்லைடு. கடைசி ஸ்லைடில் 'தேங்க் யூ' என்று பூ பறக்கும்.

அதைத்தான் அன்றைக்குத் தஞ்சாவூரில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரி, வந்தது வந்துட்டீங்க. டீ சாப்டுட்டு இங்கயே உக்காந்து பாருங்க" என்றார். நாள் முழுக்கப் பார்த்தோம்.

பெரிய கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சந்து. வாசலில் பண்ருட்டியிலிருந்து வந்த பலாக் கட்டைகள். நாம் சாப்பிடும் பலாப்பழத்தின் அதே மரம்தான். உள்ளே ஒருத்தர் குடத்தைக் குடைகிறார். இன்னொருத்தர் யாளி முகத்துக்குக் கண் வைக்கிறார். குடம், தண்டி, யாளி மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் சாதா வீணை. மொத்தத்தையும் ஒரே கட்டையிலிருந்து குடைந்து எடுத்தால் ஏகாந்த வீணை. ஏகாந்தத்தில் ஒரு இடத்தில் உளி தப்பினால் மொத்தக் கட்டையும் போச்சு. கன்ட்ரோல் இசட் எல்லாம் கிடையாது.

இந்த வடிவத்துக்கு 400 வருஷம் வயசு. தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டும் நிலையாக நிற்கிற வீணை வந்தது என்பார்கள். ரகுநாத வீணை என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். "பேரைக் காப்பாத்திட்டாங்க, சந்தோஷம். கட்டையை யாரு காப்பாத்துறது?" என்றார். வயசான, நன்றாகக் காய்ந்த கட்டை கிடைப்பதுதான் அவருக்கு நித்தியப் போராட்டம்.

மத்தியானம் மேளம் கட்ட உட்கார்ந்தார். அப்போதாவது கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். மெட்டுகளின் இடத்தை எக்ஸெல்லில் போட்டு வைத்திருந்தேன். கணக்கு சிம்பிள்: ஒவ்வொரு மெட்டுக்கும் தந்தியின் நீளத்தை 1.05946 ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். தந்தி 80 சென்டிமீட்டர் என்றால் முதல் மெட்டு மேருவிலிருந்து சுமார் 4.5 சென்டிமீட்டரில். 12-வது மெட்டு சரியாகப் பாதியில், 40-ல். 24-வது 60-ல். அழகான பட்டியல். ஐயா பார்த்தார். ஒரு மெட்டை என் கணக்குப்படியே வைத்தார். தந்தியை அழுத்தி மீட்டினார்.

எனக்கே கேட்டது. கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"உங்க கணக்கு தப்பில்ல தம்பி. ஆனா அழுத்தும்போது தந்தி இழுபடுமே, அது உங்க பொட்டிக்குத் தெரியுமா? இந்த வீணையில மெட்டுக்கும் தந்திக்கும் எவ்வளவு சந்துன்னு தெரியுமா?" சொல்லிக்கொண்டே மெட்டை நகத்தளவு நகர்த்தினார். மெழுகில் பதிய வைத்தார். சுருதி உட்கார்ந்தது. தந்தி இழுபட்டால் விறைப்பு கூடும், விறைப்பு கூடினால் சுருதி ஏறும். இது நான் இரண்டாம் செமஸ்டரில் எழுதிப் பாஸான கேள்விதான். எழுதினேன், மறந்தேன். அவர் எழுதவே இல்லை, மறக்கவும் இல்லை.

அதற்கப்புறம்தான் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு நோட்டை எடுத்தேன். "ஐயா, இத்தனை வருஷத்துல உங்களுக்கு இன்னும் பிடிபடாத விஷயம் எது?"

சிரித்தார். "இப்பக் கேட்டீங்களே, இது கேள்வி."

முதலில் மெழுகு. தேன்மெழுகும் கரித்தூளும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் என்ன சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பது அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ரகசியம். தஞ்சாவூரில் கட்டிக் கொடுத்த மேளம் சென்னை வெயிலில், மூடிய காருக்குள், இரண்டு மணி நேரத்தில் இளகிவிடுகிறது. கெட்டியாகப் போட்டாலோ குளிரில் வெடிப்பு விடுகிறது. எது சரி? "அடுத்த வீட்டுக்காரன் என்ன போடறான்னு எனக்குத் தெரியாது. நான் போடறது அவனுக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டோம்."

எங்கள் சிவில்காரன் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தான். "ரிங் அண்ட் பால்!"

எல்லாரும் அவனைப் பார்த்தோம். ரோடு போடுகிற தார் எந்தச் சூட்டில் இளகும் என்று பார்க்க அவர்கள் லேபில் ஒரு டெஸ்ட் இருக்கிறது. ஒரு பித்தளை வளையத்துக்குள் தாரை ஊற்றி ஆற வைத்து, மேலே 3.5 கிராம் எடையுள்ள ஒரு எஃகு குண்டை வைத்து, தண்ணீரில் இறக்கி, நிமிஷத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றுவார்கள். தார் இளகி, குண்டு 2.5 சென்டிமீட்டர் இறங்கி கீழ்த் தட்டைத் தொடுகிற வெப்பநிலைதான் கணக்கு. "தாருக்குப் பண்றதை மெழுகுக்கும் பண்ணிப் பார்க்கலாம்ல?" என்றான். மூன்று வருஷத்தில் அவன் சிவில் படித்ததற்கு ஒரு பயன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது!

"அப்ப என்ன கலந்திருக்குன்னு சொல்ல வேண்டியதில்ல?"

"வேண்டாம் ஐயா. ஆளுக்கு ஒரு உருண்டை கொண்டு வாங்க. பேர் எழுத மாட்டோம், நம்பர்தான். எந்த நம்பர் எத்தனை டிகிரின்னு போர்டுல எழுதுவோம். உங்க நம்பர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்கு வருவாங்க" என்றார்.

அடுத்தது குதிரை. தந்திகள் ஏறி உட்காரும் பாலம். மரக் குதிரைக்கு மேல் ஒரு உலோகத் தகடு. அதன் முதுகு தட்டையாக இருக்காது. கண்ணுக்கே தெரியாத அளவு வளைவு. அரத்தால் ராவி ராவி, மீட்டி மீட்டி, நாதம் நீளமாக நிற்கும்வரை அந்த வளைவைத் தேடுகிறார்கள். இங்கே எனக்கு ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. சர் சி.வி. ராமன்! நோபல் பரிசு அவருக்கு 1930-ல் கிடைத்தது ஒளிச்சிதறலுக்கு என்று ஸ்கூல் பசங்களுக்கும் தெரியும். அதற்கு முன்பே, கல்கத்தாவில் இருந்தபோது, 1921-ல் அவர் வீணை, தம்புரா பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால், நடுவில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் கேட்கக்கூடாது. யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரில் இருக்கும் விதி அது. ஆனால் நம் வீணையும் தம்புராவும் அந்த விதிக்கு அடங்கவில்லை. வரக்கூடாத சுரங்களும் கணீரென்று வருகின்றன. காரணம் குதிரையின் அந்த வளைவு, தந்தி அதன்மேல் ஒட்டியும் விலகியும் அதிர்வதுதான் என்று காட்டினார். அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஐயா ரசித்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்காரு. எவ்வளவு வளைவுன்னு சொன்னாரா?" என்றார்.

போச்சுடா!

ஆனால் எங்கள் மெட்ராலஜி லேபில் புரொஃபைல் புரொஜெக்டர் இருக்கிறது. ஒரு சின்னப் பொருளின் ஓரத்தைப் பல மடங்கு பெரிதாக்கித் திரையில் நிழலாகக் காட்டும். நாங்கள் அதில் ஸ்க்ரூவின் பல்லை மட்டும் பார்த்து ரெக்கார்டு எழுதுவோம். 12 பேரின் குதிரைத் தகட்டையும் அதில் வைத்தால் 12 வளைவும் திரையில் தெரியும். எது நன்றாகப் பாடுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதினால்? இதைச் சொன்னபோது பெரியவர் உள்ளே போய்ப் பழைய தகடு ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய அப்பா ராவியது. "இதையும் அதுல வைக்கலாமா?" என்றார்.

திரும்பும் ரயிலில் தூக்கம் வரவில்லை. போனில் தேடித் தேடிப் படித்துக்கொண்டே வந்தேன். கைதேர்ந்தவர்களுக்கு வொர்க்‌ஷாப் என்பது நாங்கள் கண்டுபிடித்த புதுமை எல்லாம் இல்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் ஓபர்லின் என்று ஒரு கல்லூரி ஊர். கோடை விடுமுறையில் வயலின் செய்கிற அனுபவசாலிகள் அங்கே கூடுகிறார்கள். ஒலியியலுக்கென்றே தனி வகுப்பும் உண்டு. அவரவர் செய்ததைக் கொண்டுவந்து, தட்டி, அளந்து, அடுத்தவருக்குக் காட்டுகிறார்கள். அதே நாட்டில் கார்லீன் ஹட்சின்ஸ் என்று ஒரு ஸ்கூல் டீச்சர். வயலின் பலகையை ஸ்பீக்கருக்கு மேலே வைத்து மினுமினுப்புத் தூளைத் தூவி, எந்தச் சுரத்துக்குத் தூள் எந்தக் கோலம் போடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பலகையைச் சீவியவர். இதை வீணையின் மேல்பலகைக்கும் செய்யலாம். நமக்கு மினுமினுப்பு எதற்கு? கோலப்பொடி இருக்கிறதே!

இன்னொன்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 2010-ல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களை ஒரு ஓட்டல் அறைக்குக் கூப்பிட்டு, கண்ணுக்கு இருட்டுக் கண்ணாடி மாட்டி, 6 வயலின்களைக் கொடுத்திருக்கிறார்கள். 3 புதுசு. 3 பழசு, அதில் இரண்டு ஸ்ட்ராடிவாரி. கோடிக்கணக்கில் விலை போகிற சமாசாரம். கலைஞர்களுக்கு அதிகம் பிடித்தது ஒரு புது வயலின். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கு! கூட்டிவந்தவர்களில் ஒருவரான ஜோசப் கர்டினே வயலின் செய்கிறவர்தான்.

மறுநாளே பெரியவருக்குப் போன் போட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு திரையைக் கட்டி, பின்னால் ஒரு வித்வானை உட்கார வைத்து, 12 வீணையையும் வாசிக்க வைக்கலாம். எது யாருடையது என்று செய்தவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

"என்னோட வீணை எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். அப்புறம் போனில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"தெரியலைன்னா என்ன பண்றது தம்பி?"

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் அந்த அயிட்டத்தை நிகழ்ச்சி நிரலில் பென்சிலால் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற 12 பேரும் சரி என்றால்தான் நடக்கும்.

தேதியிலும் பல்பு வாங்கினோம். நாங்கள் குறித்திருந்தது அக்டோபர். சரஸ்வதி பூஜை, விஜயதசமி நேரத்தில் அவர்கள் பட்டறையை விட்டு நகர முடியாதாம். புது ஆர்டரும் ரிப்பேரும் அப்போதுதான் குவியும். மழை நாளில் மரம் ஈரம் குடிக்கும், வேண்டாம். கடைசியில் பங்குனி என்று முடிவாகியிருக்கிறது. அதாவது எங்கள் மாடல் எக்ஸாமுக்கு முந்தின வாரம். என்ன செய்ய!

காசுதான் பெரிய சண்டை. எங்கள் பட்ஜெட்டில் கிட்டத்தட்டப் பாதி பேனர், ஷீல்டு, பொன்னாடை, சீஃப் கெஸ்ட் கார் என்றே போயிருந்தது. வருகிற 12 பேரின் கூலிக்கு ஒரு வரிகூட இல்லை. பெரியவர் இதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. "மூணு நாள் வேலை, போக வர ரெண்டு நாள். அஞ்சு நாள் கூலி போகும். பரவால்ல, சமாளிச்சுக்கலாம்" என்றார். எனக்குத்தான் பரவாயில்லை என்று தோன்றவில்லை. கெஸ்ட் லெக்சருக்கு வருகிற புரொஃபசருக்குக் கவர் கொடுக்கிறோம். அவருக்கு அன்றைக்கு காலேஜில் சம்பளமும் உண்டு. 42 வருஷம் படித்தவர் வந்தால் சாப்பாட்டு டோக்கனும் சர்டிபிகேட்டுமா? இதைக் கமிட்டி மீட்டிங்கில் சொன்னேன். 'ஷீல்டு இல்லாம ஃபங்ஷனா?' என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. இரண்டு வாரம் இழுத்தது. ஷீல்டு போச்சு, பொன்னாடை போச்சு, பேனர் ஒன்றே ஒன்று. அஞ்சு நாள் கூலி உள்ளே வந்துவிட்டது. சீஃப் கெஸ்ட் விஷயம் இன்னும் பஞ்சாயத்தில் இருக்கிறது. சர்டிபிகேட் பற்றி ஐயாவின் கருத்து: "அது எதுக்கு தம்பி, பொண்ணு பாக்கவா போறோம்?"

46 ஸ்லைடில் இப்போது மிச்சம் மூன்று. அதிலும் ஒன்று, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்கிற மேப்.

இதற்கு நடுவில் எஸ்டேட் அண்ணனை அடிக்கடி பார்க்கிறேன். நான் அவர் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தது தெரியும். அதைப் பற்றி நேராக ஒன்றும் கேட்க மாட்டார். "புரொஃபைல் புரொஜெக்டர் எந்த மேக்?" என்பார். "வளைவை ஒரு இடத்துல மட்டும் எடுக்காத, மூணு இடத்துல எடு" என்பார். மைக்ரான் கணக்கில் தினமும் புழங்குகிறவர் ஆச்சே. போன வாரம் டீக்கடையில் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே, "அந்தப் பத்து வருஷ ரூல் ஸ்ட்ரிக்டா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஷிஃப்ட் சைரன் ஊதிவிட்டது. பெரியவரிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் யார்?

முந்தாநாள் ராத்திரி பெரியவர் போனில் லிஸ்ட் சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். பெயர், வயசு, எத்தனை வருஷ அனுபவம். 35, 28, 40, 31... கம்மியே 17 வருஷம்தான். பதினொரு பெயர் ஆனது.

"இன்னும் ஒரு இடம் இருக்குங்க ஐயா."

"தெரியும். அதை அப்படியே வைங்க." கொஞ்சம் இடைவெளி. பின்னால் யாரோ உளி தட்டுகிற சத்தம் கேட்டது. "தம்பி, பத்து வருஷம்னு போட்டிருக்கீங்கள்ல... அதை எட்டுன்னு மாத்த முடியுமா?"

மாற்றிவிட்டேன். திருத்திய பிரின்ட் அவுட் நேற்று ஹெச்.ஓ.டி. டேபிளுக்குப் போயிருக்கிறது. அத்தை தன் வீணையைக் கட்டாயம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி தாண்டி நாலடி வீணையை எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்பதுதான் இப்போதைய பிரச்னை.